2003 பாக்ஸ்டர் எஸ், 41,000 கி.மீ.: டீலர் கொடுத்த எஸ்டிமேட்டை எப்படி எடைபோடுவது?

சனிக்கிழமைஓட்டி

வண்டி 2003 போர்ஷே பாக்ஸ்டர் எஸ் (986), 3.2 லிட்டர், 6 கியர் மேனுவல். மொத்தம் 41,000 கி.மீ. கடைசி 5 வருஷமா வருஷத்துக்கு 600 கி.மீ. தாண்டலை. சர்வீஸுக்கு விட்டதும் டீலர் நீளமா ஒரு எஸ்டிமேட் கொடுத்திருக்காங்க. லேபர் ரேட் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் தொகை எழுதலை. மொத்தம் 100 என்றால் எது எவ்வளவு என்று மட்டும் போடறேன்:

கிளட்ச் செட், ஃப்ளைவீல், ஆர்எம்எஸ் (கிராங்க் தண்டின் பின்பக்க எண்ணெய் சீல்), ஐஎம்எஸ் (எஞ்சின் இடைத்தண்டு) பேரிங் – 38
4 வீலுக்கும் டிஸ்க், பேட் – 17
வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கூலன்ட் – 9
ஏஓஎஸ் (எண்ணெய்-காற்று பிரிப்பான்) – 7
முன் லோயர் ஆர்ம் 2, அலைன்மென்ட் – 9
டயர் 4 – 9
மேஜர் சர்வீஸ் – 7
ஃப்யூவல் சிஸ்டம் க்ளீனிங், எஞ்சின் ஃப்ளஷ் – 2
பேட்டரி – 2

மொத்தம் வண்டியோட இன்றைய விலையில் பாதியைத் தொடுது. வண்டியில் தெரியற குறைகள்: ரொம்ப நாள் கழிச்சு ஸ்டார்ட் பண்ணினா சில நொடி நீலப் புகை, பிரேக்கில் உரசல் சத்தம், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் ஈரம். இதில் எது அவசியம், எது தலையில் கட்டுவது?

முறுக்குவிசை

மொத்தத் தொகையைப் பார்த்து நியாயமா என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் டீலரிடம் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்.

ஒன்று, வரிக்கு வரி லேபர் நேரம். போர்ஷே டீலர்கள் பொதுவாக யூனிட் கணக்கில் எழுதுவார்கள். 100 யூனிட் ஒரு மணி நேரம். (பிஎம்டபிள்யூவில் 12 யூனிட் ஒரு மணி. அந்தப் பழக்கத்தில் இதைப் படித்தால் தலை சுற்றும்.) இரண்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் பார்ட் நம்பர். அது இருந்தால்தான் வெளியில் விலை ஒப்பிட முடியும், தேய்மானத்தில் வராத பாகம் ஏதாவது பட்டியலில் ஏறியிருக்கிறதா என்றும் தெரியும். மூன்று, அளவு. “டிஸ்க் தேய்ந்துவிட்டது” என்றால் எத்தனை மி.மீ.? “ஆர்ம் போய்விட்டது” என்றால் பால் ஜாயின்ட்டில் ஆட்டமா, புஷ் கிழிசலா? “லீக்” என்றால் ஈரமா, சொட்டா? ரேம்ப்பில் ஏற்றியிருக்கும்போது எடுத்த போட்டோவும் கேளுங்கள். அளவு வராத வரியைத் தள்ளி வையுங்கள். மறுக்க வேண்டாம், தள்ளி வைத்தால் போதும்.

இதெல்லாம் கையில் வந்த பிறகு, ஒரே உழைப்புக்கு இரண்டு இடத்தில் காசு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கியர்பாக்ஸை இறக்கினால் கிளட்ச், ஃப்ளைவீல், ஆர்எம்எஸ், ஐஎம்எஸ் நான்கும் கண்ணுக்கு முன்னால் நிற்கும். இறக்குவது ஒரு தடவைதான். வாட்டர் பம்ப் கழற்ற பெல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும். மேஜர் சர்வீஸிலும் பெல்ட் மாற்ற லேபர் இருந்தால் அது ரெட்டை. கூலன்ட்டும் ஒரு தடவைதான் வடியும்.

பழையஇரும்பு

பிரேக் பத்தி மட்டும் சொல்றேன், மத்தது மத்தவங்க பார்ப்பாங்க.

986 எஸ்-ல முன் டிஸ்க் 318 மி.மீ. விட்டம், புதுசுல 28 மி.மீ. தடிமன், 26-க்கு வந்தா மாத்தணும். பின் டிஸ்க் 299 விட்டம், புதுசுல 24, கடைசி எல்லை 22. எல்லை அளவு டிஸ்க்கிலேயே பொறிச்சிருக்கும். வெர்னியர் வெச்சு அளக்கறப்போ ஓரத்துல நிக்கற துரு விளிம்பையும் சேர்த்து அளந்துடாதீங்க, பேட் ஓடற பகுதியை அளக்கணும். மைக்ரோமீட்டர் இருந்தா இன்னும் நல்லது.

41,000 கி.மீ.-ல தடிமன் போயிருக்க வாய்ப்பு குறைவு. ஆனா ஓடாத வண்டில டிஸ்க் சாகறது தேய்ஞ்சு இல்ல, துருப்பிடிச்சு. மேல படியற செந்துரு பத்து பிரேக் அடிச்சா போயிடும், அது கணக்கில்ல. பேட் உரசற பட்டையில குழி குழியா அரிச்சிருந்தா அது போகாது. பேட்டைத் தின்னும், பெடல்ல நடுக்கம் கொடுக்கும். முக்கியமா உள்பக்கம் பாருங்க. வெளிப்பக்கம் பளபளன்னு இருக்கும், உள்பக்கம் முறுக்கு சுட்ட வாணலி மாதிரி இருக்கும். பின் வீல்ல இது அதிகம், ஏன்னா மெதுவா ஓட்டற வண்டில பின் பிரேக்குக்கு வேலையே இல்ல. டிஸ்க்ல இருக்கற துளைகள் பேட் தூள் அடைச்சு மூடியிருந்தா சரியான ட்ரில் பிட்டைக் கையால திருகி சுத்தம் பண்ணிடலாம், அதுக்காக டிஸ்க் மாத்த வேண்டியதில்ல.

அடுத்தது காலிப்பர். நாலு பிஸ்டன், ஃபிக்ஸ்டு. ஓடாம நின்னா ஒரு பிஸ்டன் இறுகிக்கும். 15 நிமிஷம் ஓட்டிட்டு, கடைசி கொஞ்ச தூரம் பிரேக் தொடாம வந்து நிறுத்தி, நாலு டிஸ்க்கையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர்ல பாருங்க. ஒரே ஆக்ஸில்ல இடதுக்கும் வலதுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தா, இறுகினது எந்தப் பக்கம்னு தெரிஞ்சுடும். இதைப் பார்க்காம புது டிஸ்க் போட்டா அதுவும் ஒரு பக்கமா தேயும்.

பிரேக் ஃப்ளூயிட் 2 வருஷத்துக்கு ஒரு தடவை, கி.மீ. பாக்கவே கூடாது. அது காத்துல இருந்து ஈரத்தை இழுக்கற சரக்கு. மேஜர் சர்வீஸ்ல அது இருக்கான்னு கேளுங்க.

ஆறுசிலிண்டர்

அந்த 38 பங்குதான் இந்த எஸ்டிமேட்டின் உயிர். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்த வண்டியில் இருக்கும் எம்96 எஞ்சினில் கிராங்குக்குக் கீழே ஓடும் இடைத்தண்டின் ஒரு முனையை, ஃப்ளைவீல் பக்கம், சீல் செய்த பால் பேரிங் தாங்குகிறது. அதுதான் ஐஎம்எஸ் பேரிங். ஆரம்ப வருஷங்களில் இரட்டை வரிசை, பிறகு 2005 வரை ஒற்றை வரிசை. 2006-லிருந்து பெரிய பேரிங். அதை எஞ்சினைப் பிளக்காமல் எடுக்க முடியாது. உங்கள் 2003 வண்டி ஒற்றை வரிசைக் காலத்தது. அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்கு இதற்காகக் கூட்டு வழக்கு நடந்து சமரசத்தில் முடிந்தது. அந்த வழக்கை ஒட்டி, பேரிங் பழுதாகும் விகிதம் ஒற்றை வரிசைக்குச் சுமார் 8%, இரட்டை வரிசைக்கு 1%-க்கும் கீழ் என்ற கணக்கைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் போனால் எஞ்சினே போகும். நடுவில் எச்சரிக்கை எதுவும் இல்லாமலும் போகலாம்.

ஓடாத வண்டிக்கு இதில் ஏன் கூடுதல் கவலை? பேரிங்கின் சீல் நாளடைவில் கெட்டியாகி உள்ளே எண்ணெய் நுழைகிறது, ஆரம்பத்தில் அடைத்த கிரீஸ் கழுவிப் போகிறது. அதன் பிறகு உள்ளே நிற்பது பழைய எண்ணெய்தான். சூடேறாமல் சிறு ஓட்டம் ஓடி நின்ற வண்டியின் எண்ணெயில் நீராவி ஒடுங்கிய தண்ணீரும் அமிலமும் சேரும். மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் பந்துகளில் அரிப்பு. “கி.மீ. குறைவு, அதனால் பேரிங் நல்லாத்தான் இருக்கும்” என்று இதில் சொல்ல முடியாது.

இப்போது செய்ய வேண்டிய சோதனை: ஆயில் ஃபில்டர். இந்த எஞ்சினில் இரும்பு டப்பா கிடையாது, பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் காகித ஃபில்டர். பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாதீர்கள் என்று வேலை ஆரம்பிக்கும் முன் எழுத்தில் சொல்லுங்கள். கத்தியால் காகித மடிப்பை இரு ஓரத்திலும் வெட்டி எடுத்து, எண்ணெயைப் பிழிந்துவிட்டு, வெள்ளைத் துணிமேல் நீட்டி விரித்து வெயிலில் பாருங்கள். கிண்ணத்தின் அடியில் தேங்கிய எண்ணெயையும் வெள்ளைப் பாத்திரத்தில் ஊற்றிக் காந்தத்தை ஓட்டுங்கள். பழுப்பு பிளாஸ்டிக் துணுக்கு தெரிந்தால் அது செயின் தேய்க்கும் கைடு. ஓரிரண்டு இருந்தால் பதற்றம் வேண்டாம். காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்பு இருந்தால் கதை வேறு. அந்த நிலையில் பேரிங்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு. தூள் ஏற்கெனவே எஞ்சின் முழுக்கச் சுற்றியிருக்கும்.

இன்னொன்று. போர்ஷே இந்தப் பேரிங்கைத் தனியாக மாற்றும் பழுது முறையைத் தரவில்லை. ஆகவே டீலர் “ஐஎம்எஸ் பேரிங்” என்று எழுதினால், யாருடைய பேரிங், எந்த வகை, உத்தரவாதம் யார் பொறுப்பு, இந்த வேலையை அந்தப் பட்டறையில் இதற்கு முன் எத்தனை தடவை செய்திருக்கிறார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். எல்என் எஞ்சினியரிங் போன்றவர்கள் செராமிக் பந்து உள்ள மாற்றுப் பேரிங்கும், எண்ணெய் ஊட்டிக்கொண்டே இருக்கும் புஷ் வகையும் செய்கிறார்கள். வேலை கடினமில்லை, ஆனால் வரிசை தப்பக் கூடாது. எஞ்சினை டாப் டெட் சென்டரில் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலையில்) பூட்டி, கேம் தண்டுகளைக் கருவியால் பிடித்து, செயின் டென்ஷனர்களைத் தளர்த்திய பிறகே பேரிங் மூடியில் கை வைக்க வேண்டும். டென்ஷனரைத் தளர்த்தாமல் மூடியைக் கழற்றினால் தண்டு ஒரு பக்கம் சாய்ந்து டைமிங் நழுவும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் வால்வும் பிஸ்டனும் சந்தித்துக்கொள்ளும்.

கணக்குப்பிள்ளை

இவ்வளவு படிச்சதுக்கு அப்புறமும் ஒண்ணு கேட்கறேன், ஆறுசிலிண்டர் அண்ணே. வருஷம் 600 கி.மீ. ஓடற வண்டிக்கு, வண்டி விலையில பாதியை ஏன் கொட்டணும்?

மூணு எண் எழுதிப் பாருங்க. இப்ப இருக்கற நிலையில வித்தா என்ன வரும் (அ). எல்லாம் செஞ்சு முடிச்சு வித்தா என்ன வரும் (ஆ). எஸ்டிமேட் (இ). ஆ-ல இருந்து அ-வைக் கழிச்சா வர்றது பெரும்பாலும் இ-யில பாதிகூட இருக்காது. டயர், பிரேக், பேட்டரிக்கெல்லாம் வாங்கறவன் தனியா விலை தரமாட்டான். அது இருக்கறதுதான் முறைன்னு நினைப்பான். ஐஎம்எஸ், கிளட்ச் பில் மட்டும்தான் விலையைத் தூக்கும், அதுவும் பில் இருந்தா.

விக்கற எண்ணம் இருந்தா ஆயில் மாத்தி, ஃபில்டர் போட்டோ எடுத்து, எஸ்டிமேட்டையும் காட்டி இருக்கறபடி வித்துடுங்க. வெச்சுக்கற எண்ணம்னா அ, ஆ கணக்கெல்லாம் வேண்டாம். இன்னும் எத்தனை வருஷம்னு முடிவு பண்ணி இ-யை அதால வகுங்க. நடுவுல நின்னு யோசிச்சா ரெண்டு பக்கமும் நஷ்டம்.

ஆறுசிலிண்டர்

கணக்கு சரி. ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது: எஸ்டிமேட்டை முழுசா ஏற்பது அல்லது முழுசா விடுவது என்று இரண்டே வழி வைத்திருக்கிறீர்கள். அளவுகள் வரட்டும், அந்த 100 எவ்வளவாகச் சுருங்குகிறது என்று பார்த்துவிட்டு வகுக்கலாம்.

ஊமைக்குழல்

புகையைப் பத்தி யாரும் பேசலையே. இது படுத்த எஞ்சின். சிலிண்டர் கிடைமட்டமா இருக்கறதால நாள்கணக்கா நின்னா எண்ணெய் ரிங்கைத் தாண்டி கொஞ்சம் கசிந்து உள்ளே நிக்கும். ஸ்டார்ட் ஆனதும் சில நொடி நீலப் புகை இயல்பு. அதை மட்டும் பார்த்து ஏஓஎஸ் மாத்தச் சொன்னா ஒத்துக்காதீங்க.

ஏஓஎஸ்னா கிராங்க் கேஸ் காத்துல இருந்து எண்ணெயைப் பிரிக்கற டப்பா. உள்ளே ஒரு ரப்பர் டயஃப்ரம். அது கிழிஞ்சா இன்டேக்கோட முழு உறிஞ்சலும் கிராங்க் கேஸுக்குள்ள போகும், எண்ணெயை இழுத்து எரிக்கும். அப்ப வர்ற புகை நொடிக்கணக்கு இல்ல, தெருவே மறையும். சோதனை: எஞ்சின் சூடானதும் ஐடில்ல விட்டு, பின் டிக்கியில இருக்கற ஆயில் மூடியைத் திருகி மெதுவாத் தூக்குங்க. லேசா உறிஞ்சும், ஐடில் கொஞ்சம் தடுமாறும், அது சரி. மூடி பிடிச்சு இழுத்தாலும் வர மறுத்தா டயஃப்ரம் போச்சு. அளந்து பார்க்கணும்னா மானோமீட்டரை அந்த வாய்ல பொருத்தலாம். நல்ல ஏஓஎஸ்ல சுமார் 5 அங்குல நீர் அளவுதான் காட்டும், அதைப் போல ரெண்டு மடங்கு காட்டினா மாத்தணும். கூடவே த்ராட்டில் பாடிக்கு முன்னாடி குழாயைக் கழட்டி விரலை விட்டுப் பாருங்க. ஈரம்னா பரவாயில்ல, எண்ணெய் தேங்கி நின்னா தப்பு.

ஒண்ணு மட்டும்: கியர்பாக்ஸ் எப்படியும் இறங்கப் போகுதுன்னா அந்த நேரத்துல ஏஓஎஸ்ஸுக்குக் கை போக வழி ரொம்ப சுலபம். 20 வருஷ ரப்பர், அப்ப மாத்திடலாம். ஆனா லேபர் பாதிக்கும் கீழ வரணும்.

சனிக்கிழமைஓட்டி

எல்லாருக்கும் நன்றி. டீலர் அளவு கொடுத்துட்டாங்க, கேட்டதும் கொடுத்தாங்க என்பதையும் சொல்லணும்.

முன் டிஸ்க் 27.4, பின் டிஸ்க் 23.6. பேட் எல்லாம் 7 மி.மீ.-க்கு மேல. போட்டோவில் பின் டிஸ்க் உள்பக்கம் வெளி ஓரத்தில் இருந்து மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்குக் கறுப்புக் குழி. முன் டிஸ்க் சுத்தம். நாலு டயரிலும் கடைசி 4 இலக்கம் 1113, தடம் 6 மி.மீ. ஆர்ம்: “புஷ்ஷில் மேலோட்டமான வெடிப்பு”, ஆட்டம் இல்லை. ஆயில் மூடி சுலபமா வந்துச்சு. ஃபில்டரில் பழுப்புத் துணுக்கு இரண்டு, காந்தத்தில் எதுவும் இல்லை. எண்ணெய் ஈரம்தான், சொட்டு இல்லை. பேட்டரி ஒரு ராத்திரி நின்ற பிறகு 12.2 வோல்ட்.

லேபர்: கிளட்ச் 760, ஆர்எம்எஸ் 690, ஐஎம்எஸ் 740 யூனிட். வாட்டர் பம்ப் 290. ஏஓஎஸ் 310.

முறுக்குவிசை

இதோ சிக்கியது. 760, 690, 740 மூன்றும் கூட்டினால் 2,190 யூனிட், 21.9 மணி நேரம். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே எண் ஏன்? ஒவ்வொன்றிலும் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் நேரம் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. ஒரே வண்டியின் கியர்பாக்ஸ் ஒரே நாளில் மூன்று தடவை இறங்காது. ஏமாற்று என்று உடனே சொல்ல வேண்டாம். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாகத் தட்டினால் இப்படித்தான் வரும், சேர்த்துத் தட்டினால் குறையும்.

கிளட்ச் 760 அப்படியே இருக்கட்டும். ஃப்ளைவீல் கழன்று நிற்கும்போது ஆர்எம்எஸ் எடுத்துப் போடக் கூடுதலாக ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஐஎம்எஸ்ஸுக்கு கேம் பூட்டுவது, டென்ஷனர், மூடி, சீலன்ட் எல்லாம் சேர்த்து 3 மணி. மொத்தம் 12-க்குள். கிட்டத்தட்ட 10 மணி லேபர் காற்றில் போகிறது. “மூன்றையும் ஒருங்கிணைந்த வேலையாகத் திருப்பி எழுதித் தாருங்கள்” என்று கேளுங்கள்; சண்டை போட வேண்டியதில்லை. ஏஓஎஸ் 310-ஐயும் அதோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆர்எம்எஸ் சீல் விலையைப் பாருங்கள், லேபரைப் பாருங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதனால்தான் வெறும் ஈரத்துக்காக மட்டும் கியர்பாக்ஸை இறக்கக் கூடாது. இறக்கினால் சீலை மாற்றாமல் ஏற்றவும் கூடாது. புதிய டெஃப்லான் சீலை உலர்வாக அழுத்த வேண்டும், எண்ணெயோ கிரீஸோ தடவினால் அது கசியும். ஆழத்தைத் தீர்மானிக்கத் தனிக் கருவி உண்டு, சுத்தியலால் தட்டி ஏற்றுபவரிடம் விடாதீர்கள்.

ஃப்ளைவீலை மட்டும் இப்போது ஒத்துக்கொள்ள வேண்டாம். கழற்றிய பிறகு கையால் திருப்பி, ஸ்பிரிங் திரும்பி வருகிறதா, ஆட்டம் எவ்வளவு, கிரீஸ் வெளியே கசிந்திருக்கிறதா, நீலமாகக் கருகியிருக்கிறதா என்று பார்த்து, உங்களுக்கு வீடியோ அனுப்பிவிட்டுத் தீர்மானிக்கட்டும். ஃப்ளைவீல் போல்ட் மட்டும் கண்டிப்பாகப் புதுசு: 25 நியூட்டன் மீட்டர், அதன்மேல் 90 டிகிரி. நீண்டு இறுகும் போல்ட், இரண்டாவது தடவைக்கு ஆகாது. பட்டியலில் அதன் பார்ட் நம்பர் இல்லை என்றால் பழையதையே போடப் போகிறார்கள்.

பழையஇரும்பு

பிரேக் தீர்ப்பு: முன் பக்கம் எதுவும் வேண்டாம், பேட்டைக் கழட்டி விளிம்புத் துருவைச் சுரண்டி, பின்கள் சுத்தம் பண்ணிப் போட்டா சத்தம் போகும். பின் டிஸ்க் ரெண்டும் மாத்துங்க. தடிமன் 23.6 பாஸ்தான், ஆனா குழி விழுந்த பட்டை திரும்ப வராது. புது டிஸ்க்குக்குப் பழைய பேட் போடக் கூடாது, பின் பேட்டும் சேர்த்து. 17-ல ஏழு எட்டுல முடியும்.

டயர் 1113: 2013-ம் வருஷம் 11-வது வாரம். தடம் 6 மி.மீ.ன்னு பார்த்து ஆசைப்படாதீங்க. ரப்பர் கல்லாயிருக்கும், ஈரத்துல பிடிக்காது. 6 வருஷம் தாண்டினா வருஷா வருஷம் சோதிக்கணும், 10 தாண்டினா பேச்சே இல்ல. நாலும் மாத்துங்க. ஆனா டீலர்ட்ட வாங்கணும்னு அவசியம் இல்ல. பக்கச்சுவர்ல என்0, என்1 மாதிரி என் குறி இருக்கற போர்ஷே அனுமதி டயரா, நாலும் ஒரே மாடலா இருந்தா போதும். வாங்கும்போது தயாரிப்பு வாரத்தைப் பார்த்து வாங்குங்க, அபூர்வ அளவுக்கெல்லாம் கடையிலயே ரெண்டு வருஷம் தூங்கின சரக்கு வரும். வீல் போல்ட் 130 நியூட்டன் மீட்டர்.

ஆறுசிலிண்டர்

காந்தத்தில் ஒன்றும் ஒட்டவில்லை என்பது நல்ல செய்தி. பேரிங்கை மாற்றுவது அர்த்தமுள்ள வேலையாக இருக்கும் நிலை இதுதான். என் கருத்து: வண்டியை 5 வருஷத்துக்கு மேல் வைத்துக்கொள்வீர்கள் என்றால் கிளட்ச், ஆர்எம்எஸ், ஐஎம்எஸ், ஏஓஎஸ் நான்கையும் ஒரே இறக்கத்தில் முடியுங்கள். இரண்டு வருஷத்தில் விற்பதாக இருந்தால் எதையும் இறக்க வேண்டாம். 6 மாதத்துக்கொரு தடவை எண்ணெய், ஃபில்டரைப் பிரித்துப் பார்ப்பது, அவ்வளவே.

கணக்குப்பிள்ளை

இதை ஒத்துக்கறேன். கிளட்ச்சுக்கு மட்டும் ஒரு கேள்வி: வழுக்குதா? 4-வது கியர்ல மிதமான வேகத்துல போயிட்டு முழு த்ராட்டில் அழுத்துங்க. ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறலைன்னா வழுக்குது. அது இல்லன்னா 41,000-ல கிளட்ச் தேயலை. ஆனா பேரிங்குக்காக இறக்கறதா இருந்தா புது கிளட்ச் செட்டுக்கு ஆகறது பாகத்தோட விலை மட்டும்தான், லேபர் பூஜ்யம்.

குளிர்நீர்

வாட்டர் பம்புக்கு ரெண்டு சோதனை. பெல்ட்டைத் தளர்த்தி புல்லியைப் பிடிச்சு ஆட்டுங்க, அசைஞ்சா மாத்துங்க. பம்புக்குக் கீழ கசிவுத் துளையில வெள்ளைப் படிவு இருந்தா மாத்துங்க. இதுல இன்ஜெல்லர் (தண்ணியைத் தள்ளற இதழ்ச் சக்கரம்) பிளாஸ்டிக்; வயசாகி இதழ் உடைஞ்சா துண்டுகள் எஞ்சினோட நீர் வழிகள்ல போய் அடைக்கும். 20 வருஷ ஒரிஜினல்னா ரெண்டு சோதனையும் பாஸானாலும் மாத்தறதுதான் என் கட்சி. மெட்டல் இம்பெல்லர் போட்டா உறுதின்னு யாராவது சொன்னா வேண்டாம். பேரிங் ஆடினா அது எஞ்சின் சுவரையே செதுக்கிடும். பம்ப் போல்ட் எல்லாம் சின்ன எம்6, அலுமினியத்துல ஏறினது, 10 நியூட்டன் மீட்டர்தான். துருப்பிடிச்ச போல்ட் முறிஞ்சா அந்த லேபர் யாரோடதுன்னு முன்னாடியே பேசிக்குங்க.

கூலன்ட்டை வேக்யூம் வெச்சு நிரப்பறாங்களான்னு கேளுங்க. எஞ்சின் நடுவுல, ரேடியேட்டர் முன்னாடி, குழாய் முழு நீளம். சும்மா ஊத்தினா காத்து நிக்கும், டெம்பரேச்சர் முள் தாவும்.

பட்டியல்ல இல்லாத ஒண்ணு: பின் டிக்கியில இருக்கற கூலன்ட் டேங்க். பிளாஸ்டிக் வயசாகி மயிரிழை வெடிப்பு விடும். டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கித் தொட்டுப் பாருங்க. இனிப்பு வாசனையோ ஈரமோ இருந்தா பம்ப் வேலையோட சேர்த்து அதையும் மாத்துங்க, கூலன்ட் எப்படியும் வடியுது.

குளிர்நீர்

மேல இன்ஜெல்லர்னு தட்டிட்டேன், இம்பெல்லர்னு படிங்க.

ஊமைக்குழல்

பட்டியல்ல இல்லாததுன்னதும் ஞாபகம் வருது. டீலர் கண்ணுல படாத, ஆனா நிக்கற வண்டியைக் கொல்லற ரெண்டு இடம்.

சாஃப்ட் டாப் வடிகால். கூரையைப் பாதி திறந்தா ரெண்டு பக்கமும் மூலையில துளை தெரியும். இலை, மண் அடைச்சா தண்ணி உள்ளே இறங்கி இருக்கைக்கு அடியில நிக்கும். இம்மொபிலைசர் பெட்டி அங்கதான் இருக்கு. அது நனைஞ்சா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, செலவு டிஸ்க் பேடைவிட அதிகம். வளையற நைலான் கம்பியை மெதுவா விட்டுச் சுத்தம் பண்ணுங்க, ஏர் கன் அடிச்சா கீழ குழாய் கழண்டுடும்.

ரெண்டாவது, முன் பம்பர் துளைகளுக்கு உள்ளே. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல மக்கின இலை கைப்பிடி கைப்பிடியா இருக்கும். ஈரம் பிடிச்சு அலுமினியத்தை அரிக்கும். சர்வீஸ்ல அதைச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க.

முறுக்குவிசை

மீதமுள்ள வரிகள். லோயர் ஆர்ம்: ஆட்டம் இல்லை, மேலோட்ட வெடிப்பு மட்டும் என்றால் இப்போது வேண்டாம். ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிந்தாலோ, நெம்பி ஆட்டினால் டக் என்றாலோ மாற்றுங்கள். மாற்றும் நாளில் புஷ் போல்ட்டை வண்டி தன் எடையில் நிற்கும் உயரத்தில் இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும்.

ஃப்யூவல் க்ளீனிங், எஞ்சின் ஃப்ளஷ்: வேண்டாம். ஃப்ளஷ் திரவம் 20 வருஷப் படிவை மொத்தமாகப் பெயர்த்து எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று யாருக்கும் தெரியாது. பேட்டரி 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. முழுசாகச் சார்ஜ் ஏற்றி லோட் டெஸ்ட் செய்யுங்கள், நிற்கவில்லை என்றால் புதுசு; எதுவானாலும் மெயின்டெய்னர் சார்ஜர் ஒன்று நிரந்தரமாக மாட்டிவையுங்கள். மேஜர் சர்வீஸ் முழுசாக ஓகே. எண்ணெய் எட்டரை லிட்டர் அளவில்தான் பிடிக்கும், 0டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-40, போர்ஷே ஏ40 அனுமதி உள்ளது. பில்லில் 10 லிட்டர் இருந்தால் மீதியைக் கேனோடு கேளுங்கள். ஃபில்டர் கிண்ணம் 25 நியூட்டன் மீட்டர், வடிகால் போல்ட் 50, வாஷர் புதுசு.

சனிக்கிழமைஓட்டி

ஒருங்கிணைச்சு எழுதித் தரச் சொன்னேன், மூன்று வரி சேர்ந்து 1,180 யூனிட்டா வந்திருக்கு, ஏஓஎஸ் கூடுதலா 120. வெச்சுக்கறதுன்னு முடிவு. முன் பிரேக், ஆர்ம், ஃப்ளஷ் அடிச்சாச்சு, டயர் வெளியில. பழைய கணக்கில் 100 இருந்தது, டயரைச் சேர்க்காம 58-க்கு வந்திருக்கு. கடைசியா ஒண்ணு: வாரம் ஒரு தடவை 10 நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வெச்சா போதுமா?

ஆறுசிலிண்டர்

அதைத்தான் செய்யவே கூடாது. 10 நிமிஷ ஐடிலில் கூலன்ட் சூடாகும், எண்ணெய் சூடாகாது. எரிப்பில் உண்டாகும் நீராவி கிராங்க் கேஸில் ஒடுங்கும், வெளியேறாது. ஒவ்வொரு வாரமும் எண்ணெயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவது போல. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, முள் நடுவில் நிலைத்த பிறகும் 30 நிமிஷம் சாலையில் ஓட்டுங்கள், நடுவில் 4,000 ஆர்பிஎம் வரை கொண்டு போங்கள். முடியாத மாதங்களில் ஸ்டார்ட் செய்யாமலே விடுங்கள். நீண்ட நாள் நிறுத்துவதற்கு முன் எண்ணெயை மாற்றுங்கள், பின்னால் அல்ல. டேங்க் நிறைய பெட்ரோல், ஸ்டெபிலைசர், டயரில் காற்று கொஞ்சம் கூடுதல். சமதளமாக இருந்தால் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு வீலுக்குக் கட்டை வையுங்கள். இல்லையென்றால் இப்போது காசு கொடுத்துப் போடும் பின் பிரேக்குகள்தான் முதலில் ஒட்டிக்கொள்ளும்.